நகாஷினோவின் மூவாயிரம் துப்பாக்கிகள்

அகிரா குரோசாவாவின் ‘ககேமுஷா’ 1980 இல் வெளிவந்து, கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதைப் பகிர்ந்துகொண்ட படம். பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் அதனைப் பார்த்தேன். இறுதியில் தகேடா குலத்தின் படை அணியணியாகப் பாய்கிறது. மரவேலிக்குப் பின்னாலிருந்து துப்பாக்கிகள் முழங்குகின்றன. வீரர்கள் வீழ்வதை இயக்குநர் காட்டுவதில்லை. தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் தளபதிகளின் முகங்களையே காட்டுகிறார். பின்னர் உயிர் பிரியாத குதிரைகள் களமெங்கும் எழ முயன்று சரிகின்றன. அதுதான் வரலாறு என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

அக்களத்தின் பெயர் நகாஷினோ. 1467 இல் கியோத்தோ நகரில் மூண்டு பத்தாண்டுகள் நீடித்த ஓனின் போரோடு ஷோகன்களின் அதிகாரம் பெயரளவிலானதாயிற்று. நாடு பிரபுக்களின் கைகளில் சிதறியது. நூறாண்டுகளுக்கு மேலாக அவர்கள் ஒருவரையொருவர் அடித்து வீழ்த்தினர். அவர்களுள் அயலவர் அனைவரையும் அச்சுறுத்தியவர் காய் நாட்டின் தகேடா ஷிங்கென். 1573 இல் அவர் இறந்தார். மகன் கத்சுயோரி தந்தையின் தளபதிகளையும் தந்தையின் புகழையும் சேர்த்தே சுமக்க வேண்டியவரானார்.

1575 இல் அவர் ஏறத்தாழ 15,000 பேருடன் நகாஷினோக் கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே இருந்தவர்கள் சுமார் 500 பேர். உணவு தீர்ந்துகொண்டிருந்தது. தொரீ சுனேமொன் என்ற சாதாரண வீரர் இரவில் ஆற்றில் இறங்கி நீந்தித் தப்பினார். ஒக்கசாக்கி சென்று ஓடா நொபுனாகாவையும் தொக்குகாவா இயேயசுவையும் கண்டு உதவி வருமென்ற உறுதியைப் பெற்றார். திரும்பும் வழியில் பிடிபட்டார். “உதவி வராது, சரணடையுங்கள்” என்று கோட்டையை நோக்கிக் கூவினால் உயிர்ப்பிச்சை என்றனர். அவர் கூவியதோ, உதவி வந்துகொண்டிருக்கிறது, உறுதியாக நில்லுங்கள் என்று. அவரைச் சிலுவையில் அறைந்து கொன்றனர். எதிர்ப்பக்கமான தகேடா தரப்பில் இருந்த ஒருவர் பிற்பாடு அவரது உருவத்தையே தம் கொடியில் வரைந்துகொண்டார் என்பது என்னை இன்றும் நிறுத்தி வைக்கும் செய்தி.

யூன் 28 ஆம் நாள் போர் நடந்தது. நொபுனாகாவிடம் வில்வீரராகப் பணியாற்றிய ஓட்டா கியூயிச்சி எழுதிய வரலாறே இதற்கு முதன்மைச் சான்று. குதிரைகளைத் தடுக்க வேலி அமைத்தமை, தகேடா படைகள் ஐந்து முறை மாறி மாறி வந்தமை, வேலிக்கு வெளியே பெரும்படையை அனுப்பாமல் துப்பாக்கி வீரர்களை மட்டும் மேன்மேலும் சேர்த்து எதிர்கொண்டமை, காலையில் தொடங்கிப் பிற்பகல் வரை சமர் நீடித்தமை ஆகியன எல்லாம் அதில் உண்டு. துப்பாக்கிகள் சுமார் ஆயிரம் என்கிறார். மூன்று வரிசையாக நின்று முறைவைத்துச் சுட்டதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

அது வந்தது ஒசே ஹோவான் என்னும் மருத்துவரின் நூலிலிருந்து. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியூயிச்சியின் எழுத்தைத் தழுவி எழுதிய அவர், துப்பாக்கிகளை மூவாயிரமாக்கி, ஆயிரம் ஆயிரமாக முறைவைத்துச் சுட வைத்தார். ஹோவானின் நூல் அச்சேறிப் பரவியது. கியூயிச்சியினதோ நெடுங்காலம் கைப்பிரதியாகவே கைமாறியது. 1903 இல் ஜப்பானிய இராணுவத் தலைமையகம் தொகுத்த போர் வரலாறும் ஹோவானின் வழியே சென்றது. அதற்குப் பின்னர் பாடநூல் என்ன, திரைப்படம் என்ன!

இத்தொழிலில் இருந்தவனுக்கு இது புதுமையன்று. இரவு வேளையில் தொலைபேசியில் நான் சொன்ன ஓர் எண்ணிக்கை, காலையில் அச்சில் வேறாக இருந்தது. திருத்தம் கேட்டேன், வரவில்லை. அடுத்த வாரம் இன்னொரு பத்திரிகை அந்தத் தவறான எண்ணையே மேற்கோள் காட்டியது. நான் சொன்னது எங்கும் பதிவாகவில்லை.

மூன்று வரிசைக் கதையை நீக்கிவிட்டால் நகாஷினோவில் எஞ்சுவது என்ன? ஏறத்தாழ 38,000 பேருக்கு எதிராக 15,000 பேர். முதல்நாள் இரவே புறப்பட்ட சக்காய் தடத்சுகு 500 துப்பாக்கிகளுடன் மலைவழியே சுற்றிச் சென்று, கோட்டையைச் சூழ்ந்திருந்த முற்றுகைப் படையைக் காலையில் தாக்கினார். முன்னே வேலி, பின்னே பகைவர். பின்வாங்கும் வழி அடைபட்ட நிலையில் கத்சுயோரி முன்னேறிய போரே அது. துப்பாக்கி அறியாத பழைய உலகம் புதிய உலகத்தின்மீது மோதியது என்பதும் பொருந்தாது. 1543 இல் போர்த்துக்கேயர் தனேகஷிமாத் தீவில் இறக்கிய அக்கருவி முப்பதாண்டுகளில் எங்கும் பரவிவிட்டது. தகேடா படையிடமும் அது இருந்தது. எனினும் துப்பாக்கிகள் கொன்றன என்பதில் ஐயமில்லை. பாபா, யமகாட்டா, நைத்தோ என ஷிங்கெனின் மூத்த தளபதிகள் பலர் அன்று மாண்டனர். ஆயினும் தகேடா குலம் அன்றோடு அழியவில்லை. கத்சுயோரி இன்னும் ஏழாண்டுகள் போரிட்டு, 1582 இல்தான் மடிந்தார். அதே ஆண்டில் நொபுனாகாவும் தம் தளபதி ஒருவரின் துரோகத்தால் மாண்டார்.

கியூயிச்சி தம் கையாலேயே எழுதிய பிரதியொன்று இக்கேடா குடும்பத்தின் வழியாக வந்து ஒக்கயாமாப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அதில் ‘ஆயிரம்’ என்ற எழுத்தின் பக்கத்தில் ‘மூன்று’ என்று சிறிதாக ஒரு சேர்க்கை. அது கியூயிச்சியே செய்த திருத்தமா, பின்வந்த வேறொரு கையின் வேலையா என்பதில் அறிஞர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.