குழூஉக்குறியில் உறையும் வரலாறு

ஒரு குழுவினர் ஒரு பொருளுக்குரிய இயல்பான சொல்லை விடுத்துத் தமக்குள் வேறொரு சொல்லை வழங்குவதைக் குழூஉக்குறி என்று தமிழ் இலக்கணம் வகுத்துரைக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். நன்னூலார் இதனை இடக்கரடக்கல், மங்கலம் ஆகிய இரண்டோடும் சேர்த்துத் தகுதி வழக்கில் அடக்கினார். ஒன்றைச் சொல்ல வேண்டிய இடத்தில் இன்னொன்றைச் சொல்வது இம்மூன்றுக்கும் பொது.

இந்த இலக்கணத்தை உரைத்துப் பார்ப்பதற்கு ஏற்ற களங்களுள் அமெரிக்கக் காற்பந்தின் நேர்முக வருணனையும் ஒன்று. பெயர் காற்பந்தாயினும் முட்டை வடிவப் பந்தைப் பெரும்பாலும் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் அது. 'தேர்டு அண்டு செவன்' என்று வருணனையாளர் கூறுவார். கூட்டம் பதறி எழும். ஆட்டமறியாதவர்க்கு அவை வெறும் எண்கள். அவ்வெண்களின் பொருளை அறிய ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாற்றைப் புரட்ட வேண்டும்.

1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு கல்லூரிகள் மோதிய ஆட்டத்தை இவ்விளையாட்டின் தொடக்கமாகக் கொள்வர். பின்னர் ரக்பியின் விதிகள் கல்லூரிகளிடையே பரவின. ரக்பியில் இரு அணியினரும் ஒருவரையொருவர் தள்ளிப் பந்துக்குப் போராடுவர். 1880இல் யேல் கல்லூரியின் வால்ட்டர் கேம்ப் இதனை மாற்றினார். பந்து ஓரணியின் உடைமையாக ஒரு கோட்டில் வைக்கப்படும். அவ்வணி தான் விரும்பும் நொடியில் ஆட்டத்தைத் தொடங்கும். அக்கோடே 'ஸ்கிரிம்மேஜ்' கோடு. அணிக்கு 11 பேர் என்பதும் அவ்வாண்டில் வகுத்ததே.

ஆனால், அப்புதிய விதி ஒரு தீங்கையும் உடன் கொணர்ந்தது. 1881இல் பிரின்ஸ்டனும் யேலும் மோதியபோது, முற்பாதி முழுவதும் ஓரணியும் பிற்பாதி முழுவதும் மற்றோரணியும் பந்தை விடாது வைத்துக்கொண்டன. ஆட்டம் புள்ளியின்றி முடிந்தது, பார்வையாளர் சினந்தனர். இதற்கு மருந்தாக 1882இல் பிறந்ததே 'டவுன்' விதி. பந்தை ஏந்தியவர் வீழ்த்தப்பட்டோ வேறு வகையிலோ ஆட்டம் நிற்கும் ஒவ்வொரு முயற்சியும் ஒரு 'டவுன்' ஆகும். மூன்று முயற்சிகளில் 5 கெஜம் முன்னேறாத அணி பந்தை இழக்கும். தூரத்தை அளக்கத் திடலில் சுண்ணாம்புக் கோடுகள் இழுத்தனர். அத்திடல் இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பித்தட்டு போலத் தோன்றியதால் 'கிரிடயர்ன்' என்னும் பெயர் அமைந்தது. 1906இல் 5 கெஜம் 10 ஆயிற்று. 1912இல் மூன்று முயற்சிகள் நான்காயின. ஆகவே 'தேர்டு அண்டு செவன்' என்பது, மூன்றாம் முயற்சி, கடக்க வேண்டியது இன்னும் 7 கெஜம் என்று பொருள்படும். 1881இன் சலிப்பு மிக்க ஒரு பிற்பகல் அந்த இரண்டு எண்களுக்குள் ஒடுங்கியிருக்கிறது.

பழைய வழக்கம் மறைந்த பின்னும் பெயர் மட்டும் நிலைத்திருப்பதும் உண்டு. 'டச்டவுன்' என்றால் பந்தைத் தரையில் தொடுவித்தல். இன்றோ எல்லைக்கோட்டைக் கடந்தாலே 6 புள்ளிகள் கிடைக்கும், தொடவேண்டியதில்லை. 'ஹடுல்' என்பது ஆட்டக்காரர் வட்டமாகக் குனிந்து அடுத்த சூழ்ச்சியைப் பேசிக்கொள்ளுதல். வாஷிங்டனிலுள்ள காலடெட் கல்லூரியில் செவிப்புலனற்ற மாணவர்கள், தம் சைகை மொழியை எதிரணியினர் படித்துவிடாமல் காக்க 1890களில் இவ்வாறு கூடினர் என்பர். அதனைத் தொடங்கியவராகப் பால் ஹப்பர்டைக் குறிப்பிடுவர்.

வானொலி வரும்வரை இச்சொற்கள் ஆட்டக்காரரிடமும் பயிற்றுநரிடமும் பெரிதும் அடங்கிக் கிடந்தன. 1921இல் பிட்ஸ்பர்க் நகரின் கே.டி.கே.ஏ. நிலையம் கல்லூரி ஆட்டமொன்றை நேரடியாக ஒலிபரப்பியது. திடலைக் காணாத நேயர்க்குச் சொல்லே கண்ணாயிற்று. தொலைக்காட்சி வந்தபின் வருணனையாளரின் பணி மாறியது. நடந்ததைக் கூறுவதோடு ஏன் நடந்தது என்பதையும் விளக்க வேண்டியதாயிற்று. பயிற்றுநராயிருந்து 1979இல் வருணனையாளரான ஜான் மேடன், திரையின்மீதே கோடு வரைந்து பாடம் நடத்தினார். குழுவின் மறைமொழி இவ்வாறு நாட்டின் பொதுமொழியாயிற்று.

அவ்வாறு பரவிய சொற்களுள் போர்ச்சொற்கள் மிகுதி. பந்தை எறியும் தலைமை ஆட்டக்காரரைத் தாக்க, வழக்கமான முன்வரிசையினரோடு பின்னிருப்போரும் பாய்வது 'பிளிட்ஸ்'. மின்னலைக் குறிக்கும் அந்த ஜெர்மானியச் சொல் இரண்டாம் உலகப் போரால் உலகறிந்தது. அத்தலைமை ஆட்டக்காரரைப் பந்து எறியுமுன் வீழ்த்துவது 'சாக்'. நகரைச் சூறையாடுதல் என்னும் பொருளுடைய இச்சொல்லைப் புகழ்பெறச் செய்தவர் டீக்கன் ஜோன்ஸ் என்னும் ஆட்டக்காரர். 1982 முதல் தேசியக் காற்பந்துக் கழகம் அதனை முறையாகக் கணக்கிட்டு வருகிறது.

போர்ச்சொற்கள் வெறும் அணிநலமல்ல. 1905இல் ஒரே பருவத்தில் குறைந்தது 18 பேர் இவ்வாட்டத்தில் மாண்டனர் என்று சிகாகோ நாளேடு ஒன்று கணக்கிட்டது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிகளின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசினார். மறு ஆண்டில் நெருக்கத்தைக் குறைப்பதற்காகப் பந்தை முன்னோக்கி எறிவதற்கு இசைவு தரப்பட்டது. இன்று வருணனையாளர் வியந்து பாராட்டும் 'ஃபார்வர்டு பாஸ்', இறந்த இளைஞர்களின் நினைவாகவும் நிற்கிறது.

இங்கேதான் நன்னூலாரின் வகைப்பாடு கைகொடுக்கிறது. தலையில் அடிபட்டு நிலைதடுமாறிய ஆட்டக்காரரை 'அவருக்கு மணி அடித்துவிட்டது' என்று வருணனையாளர் நெடுங்காலம் குறிப்பிட்டனர். இது குழூஉக்குறிபோல் தோன்றினும் உண்மையில் மங்கல வழக்கு; துன்பத்தை மென்சொல்லால் மூடுவது. ஆனால் இறந்தாரைத் 'துஞ்சினார்' என்பது கேட்போர்க்கு ஆறுதல் தரும். அடிபட்டவரைக் குறித்து 'மணி அடித்தது' என்பதோ அவரை மீண்டும் களத்துக்கே அனுப்பத் துணைபோகும்.

பிட்ஸ்பர்க் அணியின் மைக் வெப்ஸ்டர் 2002இல் தமது 50ஆம் வயதில் காலமானார். அவரது மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, மீண்டும் மீண்டும் பட்ட அடியால் விளையும் மூளைச் சிதைவு நோயை அதில் கண்டு 2005இல் வெளியிட்டார். 2009இல் மூளையதிர்ச்சி அறிகுறி காட்டும் ஆட்டக்காரர் அதே நாளில் களத்துக்குத் திரும்பலாகாது என்று கழகம் விதி செய்தது. ஆட்டத்துக்கும் அந்நோய்க்கும் தொடர்புண்டு என்பதைக் கழகத்தின் உயர் அலுவலர் ஒருவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2016இல்தான். அதன்பின் 'மணி' என்னும் சொல் அருகி, 'மூளையதிர்ச்சி' என்னும் மருத்துவச் சொல்லே வருணனையில் ஒலிக்கிறது. நோய் புதிதன்று, அதனைப் பெயர் சொல்லி அழைக்கும் துணிவே புதிது.

மொழி கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. குழூஉக்குறிக்குப் பொருள் கூறுவதோடு சொல்லாராய்ச்சி முடிவதில்லை. அச்சொல் எதனைக் காத்து வைத்திருக்கிறது, எதனை மறைத்து வைத்திருக்கிறது என்று வினவும்போதுதான் அது நிறைவு பெறும்.