கோணான்குப்பத்துப் பெரியநாயகி

விழுப்புரமும் திண்டிவனமும் அடங்கியிருந்த பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்தின் ஒரு பகுதி விருத்தாசலம் வட்டம். 1993-இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அது கடலூரோடு நின்றது. அவ்வட்டத்துச் சிற்றூராகிய கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் (1680–1747) எடுப்பித்த தேவாலயத்து மரியன்னைக்குப் 'பெரியநாயகி' என்பது திருப்பெயர். இப்பெயர் வந்தவாறு ஆராயத்தக்கது.

மணிமுத்தாற்றங்கரையிலுள்ள விருத்தாசலம் சிவன் கோயிலில் அம்மையின் பெயரும் பெரியநாயகியே. 17ஆம் நூற்றாண்டுச் சிவப்பிரகாசர் அவ்வம்மைமீது விருத்தம் பாடியுள்ளார். எனவே, அப்பெயர் அவ்வட்டாரத்து வழிபாட்டிலும் செய்யுளிலும் முன்னரே நிலைபெற்றிருந்தது. தஞ்சையிலும் அப்பெயர் வழங்குதலின் பெயரொற்றுமை ஒன்றே சான்றாகாது எனலாம். ஆயின், ஏலாக்குறிச்சியைத் 'திருக்காவலூர்' ஆக்கிக் கலம்பகம் பாடியவரும் இம்முனிவரே. ஊர்ப்பெயரையும் பிரபந்த வகையையும் தமிழ் மரபின்வழி அமைத்தவர், அன்னையின் பெயரையும் அங்ஙனமே கொண்டார் எனல் பொருந்தும்.

தென்னமெரிக்காவில் பரானா ஆற்றுப்புறத்துக் குவாரனி மக்களிடையே சென்ற இயேசு சபையாரும், அம்மக்கள் வழங்கிய 'துப்பா' என்னும் தெய்வப்பெயராலேயே கடவுளைக் குறித்தனர்.

கோணான்குப்பத்துத் திருவுருவம் மணிலாவிலிருந்து வந்தது என்பது ஊர் வழக்கு. உருவம் கடல்கடந்து வந்ததாயினும் பெயர் அண்மை ஆற்றங்கரையினது. ஆதலின், கிறித்தவத் தமிழைத் தனியே ஒதுக்கி ஆராய்தல் முறையன்று. திருக்காவலூர்க் கலம்பகம் பயில்வோர் சிவப்பிரகாசரையும் உடன்வைத்துப் பயிலுதல் வேண்டும்.