பழைய காரும் தர்மக் கணக்கும்

நம் குடியிருப்பில் பலருடைய பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே எட்டுப் பேர் உட்காரும் பழைய எஸ்.யூ.வி.யைத் தொண்டு நிறுவனத்துக்குக் கொடுத்தால் வருமான வரியில் கழிவு உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள்.

2004 வரை வண்டியின் சந்தை மதிப்பைக் கொடுப்பவரே எழுதிக்கொள்ளலாம். ஓட்டை வண்டிக்கும் நல்ல வண்டியின் விலையைப் போட்டவர்கள் உண்டு! நிறுவனமோ அதை ஏலத்தில் விற்கும். ஏலக்காரர் பங்கு, விளம்பரம், வண்டியை இழுத்துவந்த கூலி எல்லாம் போக மிஞ்சியதுதான் தர்மத்துக்கு. 2003-இல் அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 54 வண்டிகளின் கணக்கைத் துருவியது. மூன்றில் இரண்டு பங்கு வண்டிகளில், கொடுத்தவர் காட்டிய மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவோதான் நிறுவனத்துக்குப் போயிருந்தது. வங்கியில் பேரேடு எழுதியே காலம் தள்ளிய எனக்கு, படித்ததும் வயிறு எரிந்தது.

2005 முதல் சட்டம் மாறிவிட்டது. 500 டாலருக்கு மேல் கழிவு கேட்டால், பொதுவாக வண்டி விற்ற தொகைதான் உச்சவரம்பு. நிறுவனமே தன் சேவைக்கு ஓட்டினாலோ, ஏழைக் குடும்பத்துக்கு மலிவாகக் கொடுத்தாலோ சந்தை மதிப்பையே காட்டலாம். ஆகவே, "விற்பீர்களா, ஓட்டுவீர்களா?" என்று முதலில் கேட்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். 1098-சி படிவத்தையும் மறக்காமல் வாங்கி வைக்கட்டும்.