தட்டுப்பாடு கற்பித்த கட்டிடக்கலை

நிலைபேறான கட்டிடக்கலை என்ற சொற்றொடர் இப்போது எங்கும் அடிபடுகிறது. மேலைநாடுகளிலிருந்து அண்மையில் வந்த அறிவு என்றே பலரும் எண்ணுகின்றனர். அறுபது ஆண்டுகளுக்கு முன்னரே, அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு அதனை இலங்கைக்குக் கற்பித்துவிட்டது என்பேன் நான்.

1960களின் தொடக்கத்தில் இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டன. உருக்கும் கண்ணாடியும் அரிதாயின. சட்டத்தரணியாயிருந்து 1957இல் கட்டிடக்கலைஞராகத் தகுதிபெற்ற ஜெப்ரி பாவா, டென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் பிளெஸ்னருடன் இணைந்து பணியாற்றிய காலம் அது. கொழும்பில் ஈனா டி சில்வாவுக்கென 1960க்கும் 1962க்கும் இடையில் எழுந்த வீட்டில் நடுமுற்றமே வீட்டின் மூச்சு. சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழும். நிழலான தாழ்வாரங்களினூடாகக் குளிர்காற்று உள்ளே வரும். யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

எனினும் பழமையை அவர்கள் அப்படியே பிரதி செய்யவில்லை. அரைவட்ட ஓட்டுக் கூரை பெருமழைக்கு ஒழுகும். ஆகவே அலைவடிவ அஸ்பெஸ்டஸ் சீமெந்துத் தகடுகளைப் பரப்பி, அவற்றின் மேல் ஓடுகளை அடுக்கினர். ஒழுக்கு நின்றது, ஓட்டின் குளிர்ச்சியும் எஞ்சியது. அஸ்பெஸ்டஸ் நார் நுரையீரலுக்குக் கேடு என்பது இன்று அறிந்த உண்மை. அந்தத் தகட்டை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. பழையதையும் புதியதையும் பொருத்திப் பார்த்த சிந்தனையே நமக்கு வேண்டியது. 1970களின் பிற்பகுதியில் பாவா கொழும்பில் அமைத்த அரச ஈட்டு வங்கிக்கான பன்மாடிக் கட்டிடமும் இயற்கைக் காற்றோட்டத்தை நம்பியே வரையப்பட்டது.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. கண்ணாடி வந்தது, குளிரூட்டி வந்தது. பத்திரிகைத் தொழிலில் இருந்த காலமெல்லாம், தலைநகரின் புதிய கட்டிடங்கள் ஒவ்வொன்றாகச் சாளரங்களை இறுக மூடிக்கொள்வதைக் கண்டு வந்தேன். 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மின்பிறப்பாக்கிக்கு டீசலும் கிடைக்காத அந்நாட்களில், திறக்கவியலாத கண்ணாடிக்குள் அமர்ந்திருந்தோரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா?

அத்திவாரம் வெட்டுமுன்னரே, வெயில் எங்கு விழும், காற்று எவ்வழி ஓடும் என்பதைக் கணினி இன்று கணித்துக் காட்டுகிறது. கூரையே மின்சாரமும் தருகிறது. பாவாவின் தலைமுறைக்குக் கிட்டாத கருவிகள் இவை. அத்தலைமுறைக்கு இருந்த நெருக்கடி மீண்டும் வந்துதான் இவற்றைச் சரியாகப் பயன்படுத்த நமக்குக் கற்பிக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.