எலும்பில் பதிக்கும் செயற்கைக் கால்

துண்டிக்கப்பட்ட காலின் எஞ்சிய எலும்புக்குள் டைட்டானியம் தண்டைப் பதித்து, தோலுக்கு வெளியே நீளும் அதன் முனையில் நேரடியாகப் பூட்டப்படும் செயற்கைக் கால். கைக்கும் இதே முறை உண்டு. வழக்கமான செயற்கைக் காலை எஞ்சிய தசையைக் கவ்வும் சாக்கெட் தாங்கும். வியர்வை, உராய்வுப் புண், உட்காரும்போது விளிம்பு தொடையில் குத்துவது எல்லாம் அதன் தீராத தொல்லைகள். இதில் சாக்கெட்டே இல்லை.

1950களில் முயல் எலும்பில் ரத்த ஓட்டத்தை ஆராய்ந்த சுவீடன் மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க், உள்ளே வைத்த டைட்டானியக் கருவியைக் கழற்ற முடியாதபடி எலும்பு பற்றிக்கொண்டதைக் கண்டார். தேடிப் போன விஷயம் வேறு, கிடைத்தது வேறு. 1965இல் இது பல் சிகிச்சைக்கு வந்தது. 1990இல் கோத்தன்பர்க் நகரில் தொடை எலும்பில் டைட்டானியம் தண்டு பதிக்கப்பட்டது. அவர் மகன் ரிக்கார்டு இம்முறையை வளர்த்தெடுத்தார்.

சுவீடன் முறையில் இரண்டு அறுவைச் சிகிச்சைகள். முதலில் திருகுமரை கொண்ட தண்டு எலும்புக்குள் செல்லும். சில மாதங்கள் கழித்து வெளிமுனை பொருத்தப்படும். பிறகு சிறுகச் சிறுகத்தான் எடை ஏற்ற வேண்டும். பழகியவர்களுக்குக் காலடியில் இருப்பது சரளையா புல்லா என்பது எலும்பு வழியே ஓரளவு புலப்படும்.

பலவீனம், உலோகம் தோலைத் துளைக்கும் இடம். அங்கே தொற்று அடிக்கடி வரும். எலும்புக்குள் பரவினால் தண்டையே அகற்ற நேரலாம். அன்றாடம் சுத்தம் செய்வது கட்டாயம். கட்டுப்படாத நீரிழிவு, மோசமான ரத்தக்குழாய் நோய் உள்ளவர்களுக்குப் பொதுவாக இது பரிந்துரைக்கப்படுவதில்லை.