மூன்று முட்டைகளுக்காக ஐந்து வாரம்

இசைவாக்கம் படிப்பிக்கும்போது ஒட்டகத்துக்கு அடுத்ததாக நாம் கரும்பலகையில் எழுதுவது பென்குயினைத்தான். தடித்த கொழுப்புப் படை, நெருக்கமான இறகுகள், துடுப்பாக மாறிய சிறகு. பிள்ளைகள் மூன்றையும் பாடமாக்கிவிடுவார்கள், மணியும் அடித்துவிடும். ஆனால் அந்தப் பறவை எந்தக் குளிரில் நிற்கிறது என்பதை நாம் உணர்த்துகிறோமா? இதைச் சொல்ல ஒரு வரலாறு இருக்கிறது.

1911 ஜூன் 27. அந்தாட்டிக்காவின் எவன்ஸ் முனையில் இருந்த ஸ்கொட்டின் முகாமிலிருந்து மூன்று பேர் புறப்பட்டார்கள். வைத்தியரும் விலங்கியலாளருமான எட்வர்ட் வில்சன், ஹென்றி பவர்ஸ், 25 வயது இளைஞர் அப்ஸ்லி செரி-கராட். போக வேண்டிய இடம் சுமார் 100 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள குரோசியர் முனை. எம்பரர் பென்குயின்கள் அங்கேதான் முட்டையிடுகின்றன, அதுவும் சூரியனே உதிக்காத குளிர்காலத்தில். ஆகவே இருட்டில் போவதைத் தவிர வேறு வழியில்லை.

எதற்காக இந்தப் பாடு? முளையம் வளரும்போது அந்த இனம் கடந்துவந்த கூர்ப்புப் பாதையை மீண்டும் காட்டும் என்று ஜேர்மனியரான ஹெக்கல் சொல்லியிருந்தார். பென்குயின்தான் மிகப் பழைய பறவை என்றும் பலர் நம்பினர். அதன் முளையத்தைப் பார்த்தால் ஊர்வனவிலிருந்து பறவை வந்த வழி தெரியும் என்பது வில்சனின் எதிர்பார்ப்பு.

குளிர் பூச்சியத்துக்குக் கீழே 60 பாகை செல்சியஸையும் தாண்டியது. ஒருநாள் காலை கூடாரத்துக்கு வெளியே வந்த செரி-கராட் தலையை உயர்த்திப் பார்த்தார். அப்படியே உடுப்பு உறைந்துவிட்டது. நாலு மணித்தியாலம் நிமிர்ந்த தலையோடுதான் வண்டி இழுத்தார். பற்கள் அடித்துக்கொண்டதில் பற்களே உடைந்தன.

குரோசியரில் கடற்பனிக்கட்டியின் மேல் சுமார் நூறு பறவைகள் கால்களில் முட்டையை ஏந்தி நின்றன. முட்டை இல்லாத சில, அந்த ஆசையில் உருண்டையான பனிக்கட்டியை அடைகாத்தன! இதை வாசிக்கும்போதெல்லாம் நமக்கு மனம் கனக்கும். ஐந்து முட்டைகள் எடுத்தார்கள், வழியில் இரண்டு உடைந்தன. பிறகு வந்த புயல் கூடாரத்தையே தூக்கிக்கொண்டு போனது. கற்களால் கட்டிய குடிலின் கூரையும் பறந்தது. படுக்கைப் பைக்குள் பனி மூடக் கிடந்தார்கள். புயல் ஓய்ந்தபின் சரிவின் அடியில் கூடாரம் கிடைத்ததால்தான் உயிர் தப்பினார்கள். ஓகஸ்ட் 1இல் முகாம் திரும்பினார்கள்.

மனிதனைக் கொல்லும் அதே இடத்தில் அந்தப் பறவை எப்படி நிற்கிறது? அடைகாப்பது ஆண். கிட்டத்தட்ட இரண்டு மாதம் முட்டையைக் காலின் மேல் வைத்து, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடி நிற்கும். துணை தேடி வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் நாலு மாதமளவில் உணவே இல்லை, சேமித்த கொழுப்புத்தான். காலுக்கு இறங்கும் சூடான குருதி, மேலேறும் குளிர்ந்த குருதிக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிடுகிறது. அதனால் பனியில் படும் பாதம் உறையாத அளவுக்கு மட்டும் சூடாக இருக்கிறது, வீணாகும் வெப்பம் குறைவு. நெருக்கமாகக் கூடி நிற்கும்போது வெளியே நிற்பவை மெல்ல உள்ளே நகரும், உள்ளே நின்றவை வெளியே வரும். கடலுக்குள் இறங்கினால் கதையே வேறு. பறக்கும் பறவைகளின் எலும்பு உள்ளே பொள்ளலானது. இதன் எலும்போ கெட்டியானது, பாரமானது, மூழ்க உதவுவது. தசைகளில் ஒட்சிசனைச் சேமித்துக்கொண்டு 500 மீற்றருக்கும் கீழே போகும், 20 நிமிடத்துக்கும் மேலாக மூச்சடக்கும்.

வில்சனும் பவர்ஸும் 1912இல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் ஸ்கொட்டுடன் இறந்தார்கள். 1913இல் செரி-கராட் தனியாக முட்டைகளை லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலைக்குக் கொண்டுபோனார். அங்கே நன்றி சொல்லக்கூட ஆளில்லாமல் காத்திருக்க வைத்தார்கள் என்று பின்னர் கசப்போடு எழுதினார். ஆய்வு முடிவு 1934இல்தான் வெளிவந்தது. முளையங்கள் பெரிதாக எதையும் சொல்லவில்லை. ஹெக்கலின் கருத்தும் அதற்குள் செல்வாக்கிழந்திருந்தது. பென்குயின் ஆதிப் பறவை அல்ல, பறந்த பறவைகளின் வழியில் வந்தது. நியூசிலாந்தில் கிடைத்த சுமார் 6 கோடி ஆண்டு பழமையான உயிர்ச்சுவடுகளில் ஏற்கனவே பறக்க முடியாத, நீந்தும் பென்குயினே தெரிகிறது.

அந்த மூன்று முட்டைகளின் ஓடுகள் இன்றும் அதே நூதனசாலையின் சேகரிப்பில் இருக்கின்றன.