வேட்பாளரின் குடும்பப் பெயரும் கடந்தகால நடத்தையும்: விருதுநகர் மாவட்டம்

தேர்தலில் நிற்பவரை அவர் பிறந்த குடும்பத்தை வைத்தும், முன்பு செய்த செயல்களை வைத்தும் எடைபோடும் வழக்கம் தமிழ்நாட்டில் பழையது. விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்களைக் கொண்ட விருதுநகர் மாவட்டத்தில் இவ்வழக்கத்தின் இரு போக்குகளும் தெளிவாகத் தெரிகின்றன. 1985-இல் இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்த இம்மாவட்டம் முதலில் காமராசர் மாவட்டம் எனப் பெயர் பெற்றிருந்தது. குடும்பப் பெயர் வேட்பாளராக நிற்கும் வாய்ப்பைத் தருகிறது, வெற்றியை உறுதிசெய்வதில்லை என்பதே இப்பகுதியின் தேர்தல் வரலாறு காட்டும் உண்மை.

பழைய விதிகள்

ஊர்ச் சபை உறுப்பினர் தகுதி பற்றிப் பாண்டிய நாட்டில் கிடைத்துள்ள முதன்மையான சான்று திருநெல்வேலிக்கு அருகிலுள்ள மானூர்க் கல்வெட்டு. மாறஞ்சடையன் காலத்தைச் சேர்ந்த இது ஏறத்தாழ கி.பி. 800-இல் பொறிக்கப்பட்டது. ஊரில் பங்கு உடையோரின் பிள்ளைகளுள் கல்வியும் நன்னடத்தையும் உள்ளவரே ஒரு பங்குக்கு ஒருவராகச் சபையில் அமரலாம் என்று அது விதிக்கிறது. சபைக்குள் வரும் உரிமையைப் பிறப்பு தந்தாலும், நடத்தையைக் காட்டியே அதைப் பெற வேண்டியிருந்தது.

தொண்டை நாட்டில், முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இதை மேலும் விரிவாகச் சொல்கின்றன. குடவோலைக்குப் பெயர் எழுதப்படுபவர் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குக் கீழும் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேற்பட்ட வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும். முன்பு சபையின் குழுவான வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர், பிறர் பொருளைக் கவர்ந்தவர், பெரும்பாதகம் செய்தவர் ஆகியோர் விலக்கப்பட்டனர். கணக்குக் காட்டாதவரின் நெருங்கிய உறவினருக்கும் இந்த விலக்கு பொருந்தியது. தந்தைவழி, தாய்வழி உறவுகள் கல்வெட்டில் முறை சொல்லி எண்ணப்பட்டுள்ளன.

ஒருவரின் குற்றத்துக்காகக் குடும்பத்தையே தள்ளிவைப்பது இன்றைய சட்டத்தில் இல்லை. ஆனால் பொதுப்பணத்துக்குக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்புக்கு வரக் கூடாது என்ற கொள்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கு சட்டமாக இருந்தது. இச்சபைகள் பிராமண ஊர்களில் மட்டுமே இயங்கியவை என்பதையும், பெண்களுக்கும் நிலமற்றோருக்கும் அவற்றில் இடமில்லை என்பதையும் சேர்த்தே இவ்விதிகளைப் படிக்க வேண்டும்.

பெயரும் பிறப்பும்

மேனாட்டாரைப் போன்ற குடும்பப் பெயர் தமிழருக்கு இல்லை. ஊர்ப்பெயரின் முதலெழுத்தும் தந்தை பெயரின் முதலெழுத்தும் முன்னே நிற்கும். சாதிப் பட்டம் பின்னே வரும். எனவே இங்கு குடும்பப் பெயர் என்பது நடைமுறையில் தந்தை பெயரையும் சாதிப் பட்டத்தையும் குறித்தது.

சாதிப் பெயருக்கான போராட்டம் இப்பகுதியில் நெடியது. நாடார்களின் கோயில் நுழைவு உரிமையை ஒட்டி எழுந்த பகை 1899 சூன் 6 அன்று சிவகாசிக் கொள்ளையாக வெடித்தது. 1910-இல் நாடார் மகாசன சங்கம் உருவானது. அரசுப் பதிவுகளில் நாடார் என்ற பெயர் 1921-இல் ஏற்கப்பட்டது. எட்டு ஆண்டுகளுக்குப் பின் அதே சமூகத்தைச் சேர்ந்த பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களையே விட்டுவிடத் தீர்மானித்தது. மூன்றாவது மாகாண மாநாடு 1931-இல் விருதுநகரில் நடந்தது. அரும்பாடுபட்டுப் பெற்ற பட்டத்தைப் பொதுவாழ்வில் துறப்பது பெருமை என்ற எண்ணம் இவ்வாறு வேரூன்றியது. இன்று எந்தக் கட்சியின் சுவரொட்டியிலும் வேட்பாளர் பெயருக்குப் பின் பட்டம் அரிதாகவே காணப்படும்.

பிறப்பையே குற்றமாகக் கொண்ட சட்டமும் இவ்வட்டாரத்தில் இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் அண்டையிலுள்ள திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களின் பிரமலைக் கள்ளர் குடும்பங்கள் எந்தக் குற்றமும் செய்யாமலே குற்றவாளிகளாகப் பதியப்பட்டன. கைரேகைப் பதிவை எதிர்த்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947-இல் நீக்கப்பட்டது. ஒருவரின் கடந்த காலத்தை அவர் குடும்பத்தைக் கொண்டு தீர்மானிப்பது எவ்வளவு கொடியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அரசரும் கைதியும்

1937 தேர்தலில் சொத்தோ கல்வியோ உள்ளவருக்கே வாக்குரிமை இருந்தது. அப்படியிருந்தும் இராமநாதபுரம் தொகுதியில் நீதிக்கட்சி சார்பில் நின்ற சேதுபதி மன்னரைக் காங்கிரசின் உ. முத்துராமலிங்கத் தேவர் வென்றார். நூற்றாண்டுகளாக ஆண்ட குடும்பத்தின் பெயர் வாக்குப் பெட்டிக்கு முன் தோற்ற நிகழ்வு இது. 1957-இல் ஒடுக்கப்பட்டோர் தலைவர் தியாகி இமானுவேல் சேகரன் கொலை வழக்கில் தேவர் முதல் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டார். 1959 சனவரியில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1962-இல் அருப்புக்கோட்டை மக்களவைத் தொகுதி அவரையே தேர்ந்தெடுத்தது.

அதே 1937-இல் சாத்தூர்த் தொகுதியில் கு. காமராசர் போட்டியின்றி வென்றார். 1903 சூலை 15 அன்று இன்றைய விருதுநகரான விருதுபட்டியில் பிறந்த அவருக்குச் சொல்லிக்கொள்ளும்படியான சொத்தோ குடும்பப் பின்னணியோ இல்லை. இருந்தது சிறை வாழ்வு. 1930-இல் உப்புச் சத்தியாகிரகத்துக்காக அலிப்பூர் சிறை சென்றார். 1933-இல் விருதுநகர், திருவில்லிபுத்தூர் வெடிகுண்டு வழக்கில் சேர்க்கப்பட்டு விடுதலையானார். 1940 திசம்பரில் மீண்டும் கைதாகி வேலூர் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் நேரே நகராட்சி அலுவலகம் சென்று பதவி விலகினார். முழுமையாகச் செய்ய முடியாத பொறுப்பை ஏற்கக் கூடாது என்பது அவர் கருத்து. 1942-இல் கைதானவர் 1945 வரை வெளிவரவில்லை. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அவர் சிறையில் கழித்தார்.

ஆங்கிலேய அரசின் ஏட்டில் இவை குற்றங்கள். விருதுநகர் மக்களுக்கு இவையே தகுதி. தனக்காகச் செய்த குற்றம் வேறு, பிறருக்காக ஏற்ற தண்டனை வேறு என்று மக்கள் சரியாகவே பிரித்தறிந்தனர்.

1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காமராசர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தாய் சிவகாமி அம்மாளை விருதுநகர் வீட்டிலேயே இருக்கச் செய்தார். தன் குடும்பத்தார் எவரையும் பதவிக்குக் கொண்டுவரவில்லை. அவருடைய பெயருக்கும் தேர்தல் பாதுகாப்பு கிடைக்கவில்லை. 1967-இல் விருதுநகர்த் தொகுதியில் தி.மு.க.வின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் தோற்றார். அரிசித் தட்டுப்பாடும் 1965 மொழிப் போராட்டமும் அத்தேர்தலைத் தீர்மானித்தன. 1969 இடைத்தேர்தலில் நாகர்கோவில் அவரை மக்களவைக்கு அனுப்பியது.

வாரிசு வேட்பாளர்கள்

முன்னாள் அமைச்சர் வே. தங்கபாண்டியன் 1997-இல் மறைந்தபின் நடந்த அருப்புக்கோட்டை இடைத்தேர்தலில் அவர் மகன் தங்கம் தென்னரசு வென்றார். 2006-இல் அருப்புக்கோட்டையிலும், 2011, 2016, 2021-இல் திருச்சுழியிலும் வெற்றிபெற்று அமைச்சரானார். அவர் சகோதரி தமிழச்சி தங்கபாண்டியன் 2019-இலும் 2024-இலும் தென்சென்னை மக்களவை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ம.தி.மு.க. நிறுவனர் வை. கோபால்சாமியின் பெயர் சுருங்கி வைகோ ஆனது. அவர் மகன் துரை வையாபுரி அரசியலில் துரை வைகோ என்றே அறியப்படுகிறார். 2024-இல் திருச்சிராப்பள்ளியில் வென்றார். வைகோ 1998, 1999 தேர்தல்களில் சிவகாசித் தொகுதியில் வென்றவர். திருமங்கலம் கூட்டப் பேச்சுக்காக 2002 சூலையில் பொடா சட்டத்தில் கைதாகி 19 மாதங்கள் வேலூர் சிறையில் இருந்தார். எனினும் 2009, 2014 ஆகிய இரு தேர்தல்களிலும் விருதுநகர் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கொள்கைக்காகச் சென்ற சிறையும் எப்போதும் வாக்காவதில்லை.

தே.மு.தி.க. நிறுவனர் விசயகாந்த் மறைந்த நான்கு மாதங்களுக்குள், 2024 தேர்தலில் அவர் மகன் விசய பிரபாகரன் விருதுநகரில் நின்றார். காங்கிரசின் மாணிக்கம் தாகூர் 4,379 வாக்குகளில் அவரை வென்றார்.

வழக்குகளும் சட்டமும்

1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8-ஆம் பிரிவின்படி, இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவர் தகுதி இழப்பார். விடுதலைக்குப் பின் ஆறு ஆண்டுகள் வரை இந்த இழப்பு நீடிக்கும். ஊழல் தடுப்புச் சட்டம் போன்ற சிலவற்றில் குறைந்த தண்டனையும் போதும். வழக்கு நிலுவையில் இருப்பது மட்டும் தடையாகாது. 2019 சூலையில் தேசத்துரோக வழக்கில் ஓராண்டுத் தண்டனை பெற்ற வைகோ, அதே மாதம் மாநிலங்களவைக்குத் தேர்வானது இந்த இரண்டு ஆண்டு வரம்பால்தான். மேல்முறையீடு செய்து பதவியில் தொடரும் சலுகையை 2013 சூலை 10 அன்று லில்லி தாமசு வழக்கில் உச்ச நீதிமன்றம் நீக்கியது. வேட்பாளர்மீதான வழக்குகளை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை வெளியிட வேண்டும் என்று 2018-இலும், அவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கட்சி காரணம் கூற வேண்டும் என்று 2020-இலும் அந்நீதிமன்றம் ஆணையிட்டது.

அமைச்சர்களாக இருந்த கே.கே.எசு.எசு.ஆர். இராமச்சந்திரன், தங்கம் தென்னரசு மீதான சொத்துக்குவிப்பு வழக்குகள் 2006–2011 காலத்தைப் பற்றியவை. திருவில்லிபுத்தூர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஆகத்து மாதத்தில் அந்த விடுவிப்பை ரத்து செய்தது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. சிவகாசியில் 2011, 2016 தேர்தல்களில் வென்ற முன்னாள் அமைச்சர் கே.டி. இராசேந்திர பாலாசி 2021-இல் இராசபாளையத்தில் தோற்றார். அரசு வேலை வாங்கித் தருவதாகப் பணம் பெற்றார் என்ற புகாரில் 2022 சனவரியில் கைதாகி, உச்ச நீதிமன்றத்தில் இடைக்காலப் பிணை பெற்றார். புகார் வேறு, தீர்ப்பு வேறு.

இன்றைய நிலை

சிவகாசிப் பட்டாசுப் பகுதியில் வேட்பாளரிடம் தொழிலாளர் கேட்பவை பேரியம் தடை, சரவெடித் தடை, விபத்து இழப்பீடு ஆகியவை பற்றியே. பட்டாசு ஆலை உரிமத்தை உள்குத்தகைக்கு விடுவது இங்கு உயிர்களைக் காவுகொள்ளும் விதிமீறல். ஆனால் உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டதா என்று வேட்பாளரின் உறுதிமொழிப் பத்திரமான 26-ஆம் எண் படிவம் தனியே கேட்பதில்லை. குற்றவழக்கானால்தான் அதில் இடம்பெறும். இக்கேள்வியும் படிவத்தில் சேர வேண்டும். வேட்பாளர்களின் உறுதிமொழிப் பத்திரங்கள் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் எவரும் படிக்கும்படி வெளியிடப்படுகின்றன.